போதும் என்று யார் சொல்வது?

இன்று காலை ஷேவ் பண்ணிக்கொண்டீர்களா? (பெண் வாசகர்கள் மன்னிக்கவும். வீட்டில் இருக்கிற ஆண்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.) எத்தனை நிமிடம் ஆனது? மூன்று? நான்கு? ரேஸரை எடுத்தீர்கள், இழுத்தீர்கள், குழாயடியில் கழுவி வைத்தீர்கள். அந்த பிளேடு போதுமான அளவு கூர்மையாக இருக்கிறதா என்று ஒரு வினாடியாவது யோசித்தீர்களா?

மாட்டீர்கள். நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-ல் பேட்டன்ட் வாங்கினார். தீட்ட வேண்டாம், தேய்க்க வேண்டாம், மழுங்கினால் தூக்கிப் போடு, புதுசு வாங்கு. அன்றிலிருந்து 'இந்தக் கூர்மை போதும்' என்று முடிவு செய்கிற வேலை நம் கையை விட்டுப் போய்விட்டது. யாரோ, எங்கேயோ, ஒரு தொழிற்சாலையில் நமக்காக முடிவு செய்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கல் வீட்டுக்குள் வந்து அதைக் கெடுத்தது.

சில வருடங்களுக்கு முன் பெல்ஜியத்தில் வேலை பார்க்கிற நண்பன் விடுமுறையில் வந்தான். சாக்லேட் கொண்டுவருவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். கூடவே துணியில் சுற்றிய ஒரு கல்லையும் எடுத்து நீட்டினான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மேல்பக்கம் வெண்ணெய் மாதிரி இளமஞ்சள், அடிப்பக்கம் கருநீலம். என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன அரைக்கணும்?" என்றாள்.

அரைக்கிற கல் இல்லை, தீட்டுகிற கல். கோட்டிக்யூல் என்று பெயர். பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப் பகுதியில், வீல்சால்ம் என்ற ஊரைச் சுற்றி, பூமிக்குள் மெல்லிய ரேகைகளாக ஓடுகிறது. சுமார் 48 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல், அழுத்தத்திலும் சூட்டிலும் கல்லாகியிருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். எஃகைவிடக் கடினம். அவற்றின் மேல் கத்தியை இழுத்தால், எஃகு துளித் துளியாகத் தேய்ந்து பளபளப்பாகும்.

கல் வந்தால் கத்தி வர வேண்டாமா? ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊர் கத்திக்குப் பேர் போனது. நம்மூர் பழைய சலூன்களில் மடக்குக் கத்தியின் அடிப்பகுதியில் அந்தப் பெயர் பொறித்திருப்பதைக் கொஞ்சம் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய சாமான் சந்தையில் அப்படி ஒன்று கிடைத்தது. துரு பிடித்து, விளிம்பு மழுங்கி, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய நிலையில். வாங்கிவிட்டேன். இப்படித்தான் ஆரம்பமாகும் எல்லாக் கிறுக்கும்.

*

செய்முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வருகிற விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

சவரக்கத்தியின் முதுகு தடிமன், வாய் மெலிது. கல்லின் மேல் படுக்கப் போட்டால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். அதனால் எந்தக் கோணத்தில் பிடிப்பது என்ற கவலை இல்லை. கோணத்தைக் கத்தி செய்தவனே முதுகில் எழுதி வைத்துவிட்டான். கத்தியின் வாய் முன்னால் போக வேண்டும், தோசையைக் கல்லிலிருந்து எடுக்கும்போது தோசைத்திருப்பி போகிற மாதிரி. கடைசிக்கு வந்ததும் முதுகின் மேல் புரட்டி, மறுபக்கத்தைத் திருப்பி இழுக்க வேண்டும்.

முதலில் சொரசொரப்பான கல். அதில்தான் இரண்டு பக்கச் சரிவும் ஒரு கோட்டில் வந்து சந்திக்கும். அடுத்து நடுத்தரக் கல், முதல் கல் போட்ட கீறல்களை எடுக்கும். கடைசியாகத்தான் நம் மஞ்சள் கல். அதே இனத்துச் சின்னக் கல் ஒன்றால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் மாதிரிக் குழம்பு வரும். அதில் கத்தியை ஓட்ட வேண்டும். குழம்பு வேகமாகத் தேய்க்கும். ஆனால் அதிலேயே நிற்கவும் கூடாது. குழம்பில் மிதக்கிற துகள்கள் கத்தி வாயில் நேராக மோதி, அதைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டே இருக்கும். எனவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். மோர், நீர்மோர், கடைசியில் வெறும் தண்ணீர். அந்தக் கட்டத்தில் கை அழுத்தவே கூடாது. கத்தியின் சொந்த எடை போதும். பிறகு தோல் வாரில் நாற்பது, ஐம்பது தடவை. அங்கே மட்டும் முதுகு முன்னால், வாய் பின்னால். மாற்றினால் வார் இரண்டு துண்டு.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. எப்போது நிறுத்துவது?

முன்னாலேயே நிறுத்தினால் கத்தி முகத்தை இழுக்கும். நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே போனால், விளிம்பு அளவுக்கு மீறி மெலிந்து, காகிதம் மாதிரி ஒரு பிசிறு நீட்டிக்கொள்ளும். தொட்டால் பயங்கரக் கூர்மை. முகத்தில் வைத்தால் மடங்கி உடையும். அதாவது அதிகம் உழைத்தால் அதிகம் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. நான் பி.காம். படித்தவன். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன். நாலாவது லட்டு முதல் லட்டு அளவுக்கு இனிக்காது என்பதுதான் அந்த விதி. கல்லில் உட்கார்ந்தபோதுதான், ஆறாவது லட்டு வாந்தியில் முடியும் என்பதும் விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். "சாப்பாடு ஆறுதுங்க" என்று குரல் வந்தபோது மணி ஒன்றரை. அப்போதும் 'இன்னும் ஒரு பத்து இழுப்பு' என்றுதான் மனசு சொன்னது.

சரி, நிறுத்த ஒரு அடையாளம் வேண்டாமா? இருக்கிறது, முடிச் சோதனை. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, ஒரு முனையை விரலில் பிடித்து, மறுமுனையைக் கத்தி வாயின் மேல் மெல்லத் தொங்கவிட வேண்டும். சத்தமே இல்லாமல் இரண்டாக விழுந்தால் பாஸ். என் கத்தி பாஸ். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டு ஸாருக்கும் காட்டினேன். அவரிடம் பிடுங்க முடி இல்லாததால் என்னுடையதையே பிடுங்கினேன்.

*

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

அந்தச் சமயம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கை, வலது கால் வேலை செய்யவில்லை. பேச்சு போய்விட்டது. என்ன கேட்டாலும் ஒரே மாதிரி ஒரு சத்தம் வரும். அது 'ஆமாம்' ஆகவும் இருக்கும், 'வேண்டாம்' ஆகவும் இருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் தினம் காலை ஆறு மணிக்கு ஷேவ் செய்துகொண்டு, சட்டையில் பேனா செருகிக்கொண்டுதான் பேப்பர் படிக்க உட்காருவார். அந்த மனிதர் நாலு நாள் தாடியோடு படுத்திருந்தார்.

கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு இரட்டை பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேஸர் கிடைக்கிறது. அது போதாதா? தாராளமாகப் போதும். ஆனால் என்னிடம் பெல்ஜியத்துக் கல் இருந்ததே! ஸோலிங்கன் கத்தி இருந்ததே! முடிச் சோதனையில் பாஸ் ஆகியிருந்ததே!

வெந்நீரில் டவலை நனைத்து ஒற்றினேன். பிரஷ்ஷால் நுரை போட்டேன். கத்தியை எடுத்து மெல்ல, மிக மெல்ல, மழித்தேன். ஒரு துளி ரத்தம் வரவில்லை. முடிக்கிற நேரத்தில் அப்பாவின் இடது கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன்: "அப்பா ரொம்ப நெகிழ்ந்துட்டார்."

மறுநாள் அதே கத்தியை வாரில் நாலு இழுப்பு இழுத்து, முதல் முறையாக என் முகத்தில் வைத்தேன். ஆமாம், முதல் முறையாக. இடது கன்னத்தில் இரண்டே இழுப்பு. நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. மூன்றாவது இழுப்புக்குத் தைரியம் இல்லை. முடியை வெட்டிய அதே விளிம்பு, கூடவே தோலையும் சுரண்டியது. மேலே சொன்னேனே, அளவுக்கு மீறிய தீட்டலில் வருகிற பிசிறு என்று. அதுதான்.

அப்பா நெகிழவில்லை. அவருக்கு வலித்திருக்கிறது. சொல்ல வாய் இல்லை.

*

அன்று முழுக்க எங்கள் ஊர் சலூன்காரர் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். சின்ன வயதில் அவரிடம்தான் எனக்கு முடி வெட்டுவார்கள். நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டு உட்கார வைப்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கத்தியை வாரில் தேய்ப்பார். பிறகு தன் இடது முன்கையில் ஒரு கீற்று மழித்துப் பார்ப்பார். அப்புறம்தான் வாடிக்கையாளர். அந்தக் கையில் எப்போதும் பாதி முடி இருக்கும், பாதி இருக்காது.

மீசை முளைத்த வயதில் கேட்டேன்: "எதுக்குண்ணே ஒவ்வொரு தடவையும்? தினம் பழகுற கத்திதானே?"

"உங்களுக்கு வலிச்சா நீங்க கத்துவீங்க தம்பி. கைக்குழந்தைக்கு மொட்டை போடுறேன். அது நான் தொட்டாலும் அழுவுது, தொடாட்டியும் அழுவுது. எதுக்கு அழுவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இன்றைக்கு அப்படிக் கையில் சோதித்துப் பார்த்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது நியாயமும்கூட. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வில் தீட்டுகிற கத்தி மெல்ல மறைந்து, ஆளுக்கொரு பாதி பிளேடு உடைத்துச் செருகுகிற கத்தி வந்தது. நல்ல மாற்றம். கத்தி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் அந்த முன்கையில் வைத்திருந்த கணக்குதான் முக்கியம்.

'போதும்' என்று யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு 2300 வருடங்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில் ஒரு பதில் சொல்லியிருக்கிறார். வீட்டைப் பற்றி நன்றாகச் சொல்லக்கூடியவர் கட்டியவரைவிட அதில் குடியிருப்பவர். விருந்தைப் பற்றிச் சமைத்தவரைவிடச் சாப்பிடுபவர். தணிக்கைப் பாடத்தில் எங்களுக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்லிக்கொடுத்தார்கள். மெட்டீரியாலிட்டி என்று ஒரு வார்த்தை. ஒரு கம்பெனிக் கணக்கில் தப்பு இருக்கிறது. அது பெரிய தப்பா, சின்னத் தப்பா? ரூபாயை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தத் தப்பு தெரிந்திருந்தால், கணக்கை நம்பிப் பணம் போடுகிறவன் தன் முடிவை மாற்றிக்கொண்டிருப்பானா என்று பார்க்க வேண்டும். மாற்றியிருப்பான் என்றால் பெரிய தப்பு. ஆக, அளவுகோல் எழுதுகிறவன் கையில் இல்லை, படிக்கிறவன் கையில்.

சரிதான். ஆனால் அரிஸ்டாட்டிலின் விருந்தாளிக்கு வாய் இருக்கிறது. உப்புக் குறைந்தால் சொல்வான். பணம் போடுகிறவன் கேஸ் போடுவான். சொல்ல முடியாதவர்களுக்கு நாம் வேலை செய்யும்போது? கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கிற பெரியவர், நம் கையெழுத்துக்காகக் கவுன்டரில் நிற்கிற, படிக்கத் தெரியாத ஆள். அவர்கள் முகத்தைப் பார்த்தும் நமக்கு விளங்காது. விளங்காத இடத்தில் நமக்கு வசதியான அர்த்தத்தை நாமே எழுதிக்கொள்வோம். நான் 'நெகிழ்ந்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டேனே, அதைப்போல.

என் தொழிலிலும் இதைச் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பத்திரிகையில், கைதான ஒருவரைப் பற்றிய செய்திக்கு நான் வைத்த தலைப்பை ஆபீஸே கொண்டாடியது. "செம ஷார்ப்!" என்றார்கள். சில மாதம் கழித்து அவர் மேல் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி உள்பக்கத்தில் நாலு வரி. கூர்மையாக இருக்கிறதா என்று நாங்கள் பத்துப் பேர் சோதித்தோம், எங்களுக்குள்ளேயே. அவர் பிள்ளை அதைப் பள்ளிக்கூட வாசலில் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதுவும் ஒரு முடிச் சோதனைதான்.

அப்படியானால் நிறைய நேரம் செலவழித்து, குறையே இல்லாமல் செய்துவிட்டால் தப்பிக்கலாமா? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாலரை மணி நேரம் செலவழித்தேன். அலுப்பில் பாதியில் நிறுத்துகிறவன் தன் இடுப்பு வலியைப் பார்க்கிறான். நிறுத்தாமல் தேய்க்கிறவன் தன் திறமையைப் பார்க்கிறான். இரண்டு பேருமே அந்த முகத்தைப் பார்ப்பதில்லை. நாம் சோம்பேறித்தனத்தைத் திட்டுவோம், 'பர்ஃபெக்ஷன்' என்றால் கைதட்டுவோம். அப்பாவின் கன்னத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

*

அதனால் சலூன்காரரின் விதியை நான் எடுத்துக்கொண்டேன். யார் மேல் நம் வேலை போய் விழப்போகிறதோ, அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது என்றால், முதலில் நம் தோல்.

இதில் ஓட்டைகள் உண்டு. தெரியும். டாக்டர் தன் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டா ஆபரேஷன் செய்வார்? முடியாது. இன்னொன்று, என் தோல் என் அப்பாவின் தோல் இல்லை. எழுபத்தெட்டு வயதுத் தோல் மெலிந்து, சுருங்கி, எலும்போடு ஒட்டியிருக்கும். எனக்கு லேசாக உறுத்துவது அவருக்கு வலிக்கும். ஆகவே 'எனக்குப் பரவாயில்லை' என்பதோடு நிறுத்தக் கூடாது. எனக்கு ஒன்றுமே தெரியாத அளவு சுகமாக இருந்தால்தான் அவர் பக்கம் போகலாம். சொந்தத் தோலில் பார்க்கவே முடியாத வேலை என்றால், குறைந்தபட்சம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் போய் வரிசையில் ஒரு நாள் நின்றாவது பார்க்கலாம். முழுத் தீர்வு இல்லை. ஆனால் அப்பாவுக்கு அன்று நான் செய்யாமல் விட்டது இந்த அரைத் தீர்வைத்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு தடவை 'போதும்' சொன்னால் அது நிலைக்காது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். முடி, எஃகைவிட ஐம்பது மடங்கு மிருது. இருந்தும் அது பிளேடைச் சேதப்படுத்துகிறது. எப்படி? முடி வளைந்து, விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. எஃகில் எங்கே உள்ளமைப்பு சீராக இல்லையோ, அந்த இடத்தில் பார்த்து ஒரு சில்லு பெயர்ந்துவிடுகிறது. தேய்ந்து மழுங்குவதற்கு முன்பே இப்படி உடைகிறது. அதாவது நேற்றுப் பார்த்த கத்தி இன்றைக்கு வேறு கத்தி. 'தினம் பழகுற கத்திதானே' என்று நான் கேட்ட கேள்விக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் சொன்ன பதில் இது. சலூன்காரருக்கு மைக்ராஸ்கோப் இல்லை. முன்கை இருந்தது.

நீங்கள் கணக்கு எழுதுபவராக இருக்கலாம், ஊசி போடுபவராக இருக்கலாம், பென்ஷன் ஃபைல் பார்ப்பவராக இருக்கலாம், குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். உங்கள் வேலையில் ஒரு முடிச் சோதனை கட்டாயம் இருக்கும். மேலதிகாரிக்கும் சக ஊழியருக்கும் காட்டிப் பாராட்டு வாங்குகிற சோதனை. அதில் பாஸ் ஆன பிறகு, கொஞ்சம் நிதானமாக உங்கள் முன்கையைத் தேடுங்கள்.

*

அந்தக் கத்தியை மறுபடி முதலிலிருந்து தீட்டினேன். இந்த முறை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீர்க்க, நீர்க்க, வெறும் தண்ணீரில் லேசாகச் சில இழுப்புகள், பிறகு வார். முடியைப் பிடுங்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். டவலை எடுத்ததுமே அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன வாரம் சொல்ல முடியாததை இந்த வாரம் சொல்லிவிட்டார்.

நான் ஒன்றும் பேசவில்லை. நுரையை என் முகத்தில் போட்டேன். கைக்கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, என் இடது கன்னத்தை முழுக்க மழித்தேன். அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைக் கழுவினேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, வாரில் தேய்த்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தேன்.

அப்பா இடது கையை மெல்லத் தூக்கி என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மேலும் கீழுமாக இரண்டு முறை. பிறகு தாடையை உயர்த்திக் காட்டினார்.